டிங்கர் அக்காவின் ஒடுக்குச் சீட்டு

எங்கள் தெருவில் எந்த ரகசியமும் ஒரு நாளுக்கு மேல் தங்காது. அதற்குக் காரணம் டிங்கர் அக்காவின் வலது காது. இருபது வருடமாகத் தகரத்தைத் தட்டித் தட்டி அந்தக் காது பாதி போய்விட்டது. இடது காது மட்டும் அபாரம். அவளுக்கு இடப்பக்கம் நின்று யாரும் முணுமுணுக்கக்கூட முடியாது. ஆனால் தனக்கு ஒரு காது மந்தம் என்பதால் ஊருக்கே மந்தம் என்று ஒரு நினைப்பு. என் மருந்துக்கடைக்கு வந்தால் தெருமுனை வரை கேட்கிற மாதிரி, "ஏன் தம்பி, உன் மூலம் இப்ப எப்படி இருக்கு?" என்பாள். வரிசையில் நிற்கிற ஏழு பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் இருமல் மருந்தைத் தேடுவதுபோல மேசைக்குக் கீழே குனிந்துகொள்வேன்.

என் கடைக்கு நேர் எதிரே அவள் பட்டறை. தகரக் கொட்டகை, உள்ளே ஒரு வண்டிக்கு இடம், வெளியே இரண்டு வண்டிக்கு இடம், சுவரில் பதினோரு சுத்தியல். இடிபட்டு நசுங்கிய காரை அங்கே விட்டால், உட்பக்கம் ஓர் இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளிப்பக்கம் தட்டி, ஒடுக்கு எடுத்து, பட்டி பூசித் தேய்த்து, எந்த இடத்தில் அடிபட்டது என்று வண்டிக்காரனுக்கே தெரியாதபடி திருப்பித் தருவாள். கல்யாணத்துக்கு முன் இரும்பு பீரோ செய்யும் தொழிற்சாலையில் இருந்தவள். பெயின்ட் அடிக்கப் போகும் முன் ஒவ்வொரு பீரோ கதவிலும் உள்ளங்கையை ஓட்டி மேடு பள்ளம் பார்ப்பதுதான் அவள் வேலை. கண்ணால் பார்த்தால் தெரியாதாம். கண்ணை மூடிக்கொண்டு கையால் பார்க்க வேண்டுமாம். நாளைக்கு அறுபது கதவு பார்த்த கை அது.

அந்தக் கைக்கு ஊரில் பெரிய மரியாதை. எங்கள் வண்டி அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. யார் வண்டியை யார் இடித்தாலும், புகார் கொடுக்க வேண்டுமென்றால் பதிவு பெற்ற பட்டறையிலிருந்து ஒரு சீட்டு வாங்கி இணைக்க வேண்டும். எது இடித்தது, எந்தப் பக்கமிருந்து, என்ன உயரத்தில், அடி புதுசா பழசா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பதிவு பெற்ற பட்டறை ஊரில் அக்காவுடையது ஒன்றுதான். ஒடுக்குச் சீட்டு என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். அவள் முத்திரை குத்திவிட்டால் அலுவலகத்தில் மறுபேச்சு கிடையாது. ஒரு முறை ஒரு கார் தரகர், "கொஞ்சம் மாத்தி எழுதுங்கம்மா" என்று குழைந்தார். சுத்தியலும் கையுமாகத் தெருமுனை வரை அவரை வழியனுப்பிவிட்டு வந்தாள். மரச் சுத்தியல்தான். இருந்தாலும் அந்த ஆள் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

அக்காவின் புருஷன் டவுன் பஸ் டிரைவர். டிரைவர் அண்ணன் என்போம். மெதுவாக நடப்பார், மெதுவாகப் பேசுவார், மெதுவாகச் சாப்பிடுவார். பஸ்ஸில் கைவைத்த நாளிலிருந்து ஒரு கீறல் கிடையாது. இந்த விஷயத்தை அவர் சொல்லாத நாளும் கிடையாது. தலைவலி மாத்திரை வாங்க வந்தால்கூட, "தம்பி, இருபத்திநாலு வருஷம் ஆச்சு, ஒரு கீறல் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் மாத்திரையைக் கேட்பார். இவர் தலைவலி எனக்கு ஒட்டிக்கொள்ளும்.

இவர்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடத்தைவிடப் பட்டறையில்தான் அதிகம் வளர்ந்தாள். பட்டறைக்குப் பின்னால் ஓர் இழுவை வண்டி நின்றுகொண்டிருந்தது. ரோட்டில் நின்றுபோன கார்களைக் கொக்கி போட்டு இழுத்து வருகிற வண்டி. யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போனதை அம்மாவும் மகளும் மூன்று வருடமாகத் தட்டி, நிமிர்த்தி, பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்த அன்று அதை எடுத்துக்கொண்டு தொழிலுக்கு இறங்குவதாக ஏற்பாடு. வேறு வேலை, வேறு படிப்பு என்று அவள் யோசித்ததே இல்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அந்த வண்டியின் படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

எங்கள் ஊர்ச் சட்டப்படி பதினேழு வயதிலேயே கார் ஓட்ட லைசென்ஸ் தருவார்கள். ஆனால் பெற்றவர்களில் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பியது என் கடையில்தான். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. கடைசிப் பத்தியை நானே உரக்கப் படித்தேன். பிள்ளை பதினெட்டு முடிக்கும் வரை வண்டியால் செய்கிற சேதம் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு. அதற்குள் மூன்று விபத்து பதிவானால் லைசென்ஸ் ரத்து. அப்புறம் இருபத்தொரு வயது வரை திரும்பிக் கேட்கவும் கூடாது.

"நீங்க போடுங்க. நீங்கதான டிரைவரு" என்று அக்கா பேனாவைப் புருஷனிடம் நீட்டினாள்.

டிரைவர் அண்ணன் இரண்டடி பின்னால் போனார். "என் பேருல இதுவரைக்கும் ஒரு கீறல் இல்ல. இவ எங்கயாவது போய் முட்டினா என் பேருதான கெடும்? இன்னும் ஒரு வருஷம் போனா இருபத்தஞ்சு முடியுது. டிப்போவுல சர்டிபிகேட் குடுக்கறாங்க."

"பெத்ததுல பாதி உங்களுது இல்லையா?"

"பாதி என்னுதுதான். அந்தப் பாதி இடிக்காது. மீதிப் பாதிக்கு நீ போடு."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. பட்டி ஒட்டிய விரலால் பேனாவைப் பிடித்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். "சரி. இனிமே இவ இடிச்சா நான் இடிச்சது" என்றாள். வழக்கம்போலத் தெருவுக்கே கேட்டது. பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, நமக்கென்ன என்று இருந்தேன்.

நமக்கென்ன என்று இருக்க விட்டார்களா? முதல் மாதமே பட்டறையிலிருந்து வீட்டுக் காரைப் பின்னால் எடுத்த பெண், தலைமை ஆசிரியரின் காரில் போய் முட்டினாள். மூன்றாம் மாதம் பேக்கரி வேன். இரண்டும் பின்னால் எடுக்கும்போதுதான். முன்னால் ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. தெரு அவளுக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டது. பெயர் வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்துப் பேசிப் பிரயோசனமில்லை.

இரண்டு தடவையும் ஒடுக்குச் சீட்டை எழுதியது அக்காதான். வேறு யார் எழுதுவது? அலுவலகத்தில் இருந்தவர்களே, "சொந்தப் பொண்ணுக்கு எதிரா நீங்களே எழுதறீங்களேம்மா?" என்றார்களாம். "பொண்ணு என்னுது. ஒடுக்கு அவருது. ஒடுக்கப் பத்திதான எழுதச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, மை காயும் வரை ஊதிவிட்டு வந்தாளாம். இரண்டு விபத்து பதிவாகிவிட்டது. மிச்சம் ஒன்று.

பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டாள் அல்லவா, அதை அவள் கையாலேயே தீர்த்தாள். மகள் இடித்த வண்டிகளைச் சனிக்கிழமை இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஓர் அட்டையில் எழுதிக் கொட்டகை வாசலில் மாட்டினாள். அங்கேதான் வந்தது வினை. அடுத்த சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் பதினான்கு வண்டி நின்றது! ஊரில் உள்ள அத்தனை பழைய நசுங்கலும் திடீரென்று அந்தப் பெண் இடித்ததாகிவிட்டது. மனுஷனுக்கு இலவசம் என்றால் எங்கிருந்துதான் இவ்வளவு ஞாபகம் வருமோ.

அக்கா ஒருவரையும் திட்டவில்லை. ஒவ்வொரு வண்டியாகப் போய், கண்ணை மூடி, உள்ளங்கையை வைத்துத் தடவினாள். பிறகு தீர்ப்பைத் தன் வழக்கமான குரலில் சொன்னாள்.

"இது விளக்குக் கம்பம். என் பொண்ணு கம்பம் இல்ல. எடுத்துட்டுப் போங்க."

"இது உங்க வீட்டு கேட்டு. கேட்டு பெயின்ட் இன்னும் ஒட்டியிருக்கு."

"இது காரே இல்லீங்க. செருப்புக் காலு. எட்டாம் நம்பர். உள்ள வீட்டுக்காரரு உக்காந்திருக்கும்போது வெளிய இருந்து யாரோ உதைச்சிருக்காங்க. வீட்டுல போய்ப் பேசித் தீத்துக்குங்க."

அந்தக் கணவனும் மனைவியும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கிளம்பினார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏன் அப்படிச் சிரித்தேன் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் வரிசையில் அடுத்த வண்டி என்னுடையது.

என் வெள்ளைக் காரின் பின்பக்கம் ஒரு நசுங்கல் இருந்தது. போன மழைக்காலத்தில் நானே பின்னால் எடுத்து என் கடை ஷட்டரில் இடித்துக்கொண்டது. வீட்டில் சொல்லவில்லை. எவனோ இடித்துவிட்டு ஓடிவிட்டான் என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தேன். அவளும் அந்த எவனோவை ஒரு மாதம் திட்டிவிட்டு மறந்துவிட்டாள். இலவசம் என்றதும் எனக்கும் சபலம் தட்டியது. யாரைக் குறை சொல்வது?

அக்கா கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். "வரி வரியா இருக்கே தம்பி. ஷட்டரு. உன் கடை ஷட்டரேதான். அங்க போய்ப் பாரு, கீழ இருந்து ஆறாவது வரி உள்ள போயிருக்கும்."

என் வீட்டுக்காரி பக்கத்தில்தான் நின்றாள். நேராகத் தெருவைக் கடந்து போனாள். குனிந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் உரக்க எண்ணியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆறு என்றதும் திரும்பிப் பார்த்தாள். "எவனோ இடிச்சிட்டு ஓடிட்டான்னு சொன்னீங்களே, அந்த எவனோ இங்கதான் நிக்கறானா?" என்றாள். அன்றைக்கு என் மூக்கு அறுந்த மாதிரி இந்தத் தெருவில் யாருக்கும் அறுந்ததில்லை. ஒடுக்கைச் சரிசெய்யாமலே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு காரைக் கடைக்கு முகம் காட்டித்தான் நிறுத்துகிறேன். அக்காவிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவும் இல்லை. உண்மையைச் சொன்னவள் மேல்தான் எனக்குக் கோபம்.

நாட்கள் ஓடின. பெண் மூன்றாவதாக ஒன்றையும் இடிக்காமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு முடிய இரண்டு வாரம் இருந்தது. டிரைவர் அண்ணனின் இருபத்தைந்து வருடமும் முடிந்து, வெள்ளிக்கிழமை டிப்போவில் விழா. சட்டையை மூன்று தடவை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கிவிட்டார். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அது நடந்தது.

அன்று காலை எனக்கு நேரமே சரியில்லை. காலாவதியான இருமல் மருந்தைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று மொத்த வியாபாரி போனில் அடம்பிடித்தான். நான் இங்கிருந்து கத்த, அவன் அங்கிருந்து கத்த, என் வீட்டுக்காரி மாடியில் துணி உலர்த்திக்கொண்டே என்னவோ கத்தினாள். கடைக்குப் பின்னாலிருக்கும் சமையலறையில் அவள் வாங்கிவைத்த புதுக் கெட்டில் தன் பங்குக்குக் கத்திக்கொண்டிருந்தது. மூடியில் விசில் வைத்த கெட்டில். தண்ணீர் கொதித்தால் இறக்கும் வரை ஊதும். எல்லோரும் கத்தட்டும் என்று நான் வியாபாரியை விடவில்லை. அப்போதுதான் வெளியே 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்டது.

ஓடினேன். எதிர்ப் பட்டறையிலிருந்து பின்னால் வந்த அக்கா வீட்டு நீலக் கார், என் வெள்ளைக் காரின் முதுகில் முதுகு வைத்து நின்றது. காருக்கு இந்தப் பக்கம் பெண் நின்றாள். அந்தப் பக்கம் டிரைவர் அண்ணன் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான் மாமா. நான்தான் இடிச்சேன்" என்றாள் பெண், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"மூணாவது!" என்றேன் நான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஷட்டர் வயிற்றெரிச்சல் இன்னும் ஆறாமல் உள்ளே கிடந்தது. "இன்னிக்கே புகார் எழுதிக் குடுக்கறேன். உங்கம்மா வரட்டும், சீட்டு எழுதட்டும். என் ஷட்டரக் கண்டுபிடிச்ச கை உனக்கு எழுதாதா?"

பெண் ஒரே ஒரு தடவை திரும்பிப் பின்னால் நின்ற இழுவை வண்டியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்தும் நான் உள்ளே போய் புகாரை எழுதினேன். இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெயின்ட் வாங்கப் போயிருந்த அக்கா பத்து மணிக்கு வந்தாள். அதற்குள் தெருவே கூடிவிட்டது. தலைமை ஆசிரியர் வந்துவிட்டார், பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்துவிட்டார், அந்தச் செருப்புக்கால் தம்பதிகூட வந்துவிட்டார்கள். அக்கா என்ன எழுதப்போகிறாள் என்று பார்க்க வேண்டும் எல்லோருக்கும். உண்மையை எழுதினால் மகளின் லைசென்ஸ் போய்விடும், இழுவை வண்டி மூன்று வருடம் துருப்பிடிக்கும். பொய்யை எழுதினால் முத்திரை அத்தோடு செத்தது. டிரைவர் அண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அக்கா பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்தாள். மகளைப் பார்த்தாள். "நீயா?"

"நான்தான்மா."

அக்கா என் காருக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். கையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாள். திரும்ப ஒரு தடவை ஓட்டினாள். பிறகு நீலக் காரின் பின்பக்கத்தையும் தடவினாள். கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள்.

"இது என் பொண்ணு இல்ல" என்றாள்.

கூட்டம் 'உச்' கொட்டியது. தலைமை ஆசிரியர் தலையை ஆட்டி, "கடைசியில நீங்களுமாம்மா..." என்று இழுத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அக்கா, அவளே ஒத்துக்கிட்டா! நீங்க இல்லைங்கறீங்க. ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா?"

"வாய மூடு தம்பி. கீழ உன் ஷட்டரு வரி இன்னும் அப்படியே இருக்கு" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"வாத்தியார் சாரு காரு எங்க அடிபட்டுது? பேக்கரி வேனு எங்க அடிபட்டுது? ரெண்டையும் முட்டினது எங்க வண்டியோட வலது முனை. ஏன்? என் பொண்ணு பின்னாடி எடுக்கும்போது இடது தோள் வழியாதான் திரும்பிப் பாப்பா. வலது பக்கத்த மறந்துடுவா. நானும் தொண்டை கிழியச் சொல்லிட்டேன், இன்னும் படியல. அவ இடிச்சா கோணலாதான் இடிப்பா. பயந்து பிரேக்க மிதிச்சு, ரெண்டு தடவ உரசியிருக்கும்." அக்கா என் காரின் முதுகைத் தட்டினாள். "இதப் பாருங்க. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே ஆழம். ஒரு நூல் கோணல் இல்ல. பதறல் இல்ல, உரசல் இல்ல. சரியான இடத்துக்குத்தான் போறோம்னு நம்பி, நிதானமா, நேரா வந்து இடிச்சிருக்கு."

எழுந்து நின்றாள். "இவ்வளவு ஒழுங்கா இடிக்கணும்னா இருபத்தஞ்சு வருஷ அனுபவம் வேணும்."

எல்லாத் தலையும் மெல்லத் திரும்பி டிரைவர் அண்ணனிடம் போய் நின்றது.

அவர் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு, "விசில் அடிச்சுது" என்றார்.

"என்னது?"

"விசிலு. என்னை டிப்போவுல விடணும், பட்டறைப் பூட்டுச் சாவியைத் தேடிட்டு இருந்தா புள்ள. எனக்கு நேரமாச்சு. ரோடு வரைக்கும் நானே எடுத்துத் தரேன்னு சொல்லி உக்காந்தேன். பஸ்ஸ கண்டக்டர் விசில் இல்லாம நான் பின்னாடி எடுத்ததே இல்ல. விசில் கேட்டுட்டே இருந்தா வரலாம். நின்னா நிக்கணும். அதான் இருபத்தஞ்சு வருஷப் பழக்கம். ரிவர்ஸ் போட்டேன். விசில் அடிச்சுது. வந்தேன். அடிச்சுட்டே இருந்துது. நானும் வந்துட்டே இருந்தேன். நிக்கவே இல்ல."

"யாருங்க விசில் அடிச்சது?" என்று பேக்கரிக்காரர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். நானும் மும்முரமாகச் சுற்றிப் பார்த்தேன். யார் அந்தப் பொறுப்பில்லாத ஆள் என்று கேட்க வாயெடுத்தேன்.

"கெட்டில்!" என்று என் தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. என் வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு தடவ கத்தினேனே! கெட்டில இறக்குங்க, கெட்டில இறக்குங்கன்னு! கேட்டாத்தான? போன்ல யாருகூடயோ மல்லுக்கட்டிட்டு நின்னாரு இந்த மனுஷன். உங்க கார இடிச்சது நீங்கதாங்க. மறுபடியும்!"

தெரு வெடித்துச் சிரித்தது. பேக்கரிக்காரர் மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டார். தலைமை ஆசிரியரே சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் திருதிருவென்று விழித்தேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மகளிடம் போனாள். நான் காருக்குப் பக்கத்திலேயே நின்றதால்தான் எனக்குக் கேட்டது. அக்கா தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏன்டி சொன்ன?"

"வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு சர்டிபிகேட்டும்மா. எறங்கினதும் அப்பா, இருபத்தஞ்சு வருஷம் போச்சேன்னாரு. எனக்கென்ன, மூணு வருஷம்தான. அதுவரைக்கும் பட்டறையில இருந்துக்கலாம்னு..."

"நீ இடிச்சா நான் பொறுப்புன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்கப்பா இடிச்சா நீ பொறுப்புன்னு எந்த ஃபாரத்துல போட்டிருக்கு? காட்டு பாக்கலாம்."

பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. அம்மா தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். டிரைவர் அண்ணன் கையிலிருந்த டப்பா கீழே விழுந்து உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை. "நான் சொல்லியிருக்கணும். அவ முந்திக்கிட்டா. நான் பேசாம நின்னுட்டேன்" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு மணி நேரம் பேசாமல் நின்றார் என்பதும் உண்மை. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அக்காவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "ஏங்க! உங்க பாதி இடிக்காதுன்னு சொன்னீங்களே!"

சீட்டு எழுதாமல் விட்டிருக்கலாம். நான்கூட, "அக்கா, விடுங்க, எனக்குப் புகாரும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றேன். "கேட்டது நீ. பாத்தது நான். பாத்தா எழுதணும்" என்று சொல்லி என் கடை மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். இடித்த வண்டி: எங்கள் வீட்டு நீலக் கார். ஓட்டியவர்: என் கணவர். காரணம்: எதிர்வீட்டுக் கெட்டில். பிற்குறிப்பு: அடியில் பழைய ஒடுக்கு ஒன்று, ஷட்டர். ஊதி, முத்திரை குத்தினாள். என் புகாரை நான் அங்கேயே கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் நல்லவனாகத் தெரிவேன். கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மறுநாள் என் வீட்டுக்காரி சட்டையைத் துவைத்ததில் அது கூழாகிவிட்டது. அவள் பையில் கைவிட்டுப் பார்க்காமல் எதையும் துவைக்கிறவள் இல்லை.

வியாழக்கிழமை அந்தச் சீட்டை டிரைவர் அண்ணன் தானே டிப்போவுக்கு எடுத்துக்கொண்டு போனார். சர்டிபிகேட் வேண்டாம் என்று சொல்லத்தான் போனார். மேலாளர் இரண்டு தடவை படித்தாராம். 'கெட்டில்' என்ற இடத்தில் மூச்சடைக்கச் சிரித்தாராம். "யோவ், நாங்க பாக்கறது பஸ்ஸ. உங்க வீட்டுக் காரு எங்களுக்கு எதுக்குய்யா?" என்று அனுப்பிவிட்டாராம். ஆக அந்தப் பெண் தன் மூன்று வருடத்தை ஒன்றுமில்லாததற்குத் தூக்கிக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். விழாவில் பேசச் சொன்னபோது, ஒரு மணி நேரம் பேசுவார் என்று பயந்துகொண்டிருந்தோம். "பஸ்ஸில் ஒரு கீறல் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் சர்டிபிகேட் தொங்குகிறது. அதற்குக் கீழே ஒடுக்குச் சீட்டும் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஆணி அடித்தது டிரைவர் அண்ணன்தான்.

இரண்டு வாரம் கழித்துப் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்தது. காலை பத்து மணிக்கு இழுவை வண்டியை வெளியே எடுத்தாள். பின்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. தெருவில் இருந்த வண்டிகளை எல்லாம் அவரவர் அடுத்த தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். டிரைவர் அண்ணன் கண்டக்டரிடம் கடன் வாங்கிய விசிலோடு பின்னால் நின்றார். என் வீட்டுக்காரி கெட்டிலின் மூடியைத் தனியே கழற்றி, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பெண் இடது தோள் வழியாகப் பார்த்தாள். அக்கா போட்ட சத்தத்தில் வலது தோள் வழியாகவும் பார்த்தாள். விசில் நின்றது. வண்டியும் நின்றது. என் ஷட்டருக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம் இருந்தது.

அக்கா வாசலில் மாட்டிய சனிக்கிழமை அட்டையைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். பெண் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து அம்மா பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, உன் கையெழுத்து இன்னியோட முடிஞ்சுது. இனிமே நான் எங்க இடிச்சாலும் நான்தான் பொறுப்பு. நீ இல்ல."

"என்னடி?"

பெண் இன்னும் உரக்கச் சொன்னாள். "இனிமே நான்தான் பொறுப்புமா! நீ இல்ல!"

"ஒண்ணும் கேக்கல போ. நேரமாகுது, கிளம்பு. வலது பக்கம் பாத்துப் போ."

பெண் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "மருந்து மாமா, எங்கம்மா காதுக்கு ஏதாவது சொட்டு மருந்து குடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். அக்கா அந்த அட்டையைக் குப்பையில் போடவில்லை. துடைத்து உள்ளே கொண்டுபோய்ச் சுத்தியல்களுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள்.

நான் மருந்து எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தப் பெண் நின்று பேசியது அக்காவின் இடது பக்கம்.